அம்மாவின் முழங்கால்: வலிக் குறிப்புகள்

ஜூன் 9
அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை முடிந்தது. முதுகில் ஊசி போட்டுத்தான் செய்தார்கள். தொடை நரம்பு மரத்துப்போக இன்னொரு ஊசி. சாயங்காலம், "வலியே இல்லடா, இதுக்கா இத்தனை பயந்தேன்?" என்று சிரித்தாள். மயக்க மருந்து டாக்டர் சிரிக்கவில்லை. மரப்பு விடும்போது வலி ஒரேயடியாக ஏறும், அதற்கு முன்பே மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும் என்று சொல்லி பாராசிட்டமாலை உடனே தொடங்கச் சொன்னார்.

ஜூன் 10
விடிவதற்குள் மரப்பு விட்டுவிட்டது. 0-லிருந்து 10-க்குள் வலி எவ்வளவு என்று சிஸ்டர் கேட்டார். "மூணு" என்றாள், உதட்டைக் கடித்தபடி. சிஸ்டர் விடவில்லை. "காலை மடக்கிட்டுச் சொல்லுங்கம்மா." மடக்கினால் எட்டு. அசையாமல் கிடக்கும்போது யாருக்கும் வலி குறைவாகத்தான் இருக்கும். அந்த எண்ணை நம்பி மருந்து கொடுத்தால் எழுந்து நிற்கவே முடியாது.

கொஞ்சம் மார்ஃபின் கொடுத்தார்கள். பிறகு மூச்சை எண்ணினார்கள், கூப்பிட்டால் கண் திறக்கிறாளா என்று பார்த்தார்கள். மார்ஃபின் கூடிப்போனால் பெரும்பாலும் மூச்சு மந்தமாவதற்கு முன்பே அளவுக்கு மீறிய தூக்கம் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

ஜூன் 11
குமட்டல். அதற்கும் ஊசி. மலச்சிக்கல் வரும் என்று முன்கூட்டியே மலமிளக்கியும் கொடுக்கிறார்கள்.

இன்று முழுக்க வாக்குவாதம். "வலிச்சா போட்டுக்கறேன், சும்மா எதுக்கு?" என்கிறாள். வலியைப் பொறுப்பதில் அம்மாவுக்கு ஒரு பெருமை உண்டு. இங்கே அந்தப் பெருமை ஆகாது. வலிக்குப் பயந்து கால் அசையாமல் கிடந்தால் கெண்டைக்காலில் ரத்தம் உறையலாம், மூட்டு இறுகிப்போகலாம். பாராசிட்டமால் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம். ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. உடல் எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. கூடவே வீக்கம் குறைக்கும் மாத்திரை, அதுவும் சிறுநீரகப் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகுதான். இவை இரண்டும் ஆளுக்குக் கொஞ்சம் வலியைச் சுமந்தால் மார்ஃபின் குறைவாகப் போதும்.

ஜூன் 12
பிசியோதெரபிஸ்ட் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே மாத்திரை, முடிந்ததும் ஐஸ். முழங்கால் 70 டிகிரி மடங்கியது. நேற்று இதில் பாதிகூட இல்லை. வலி எண்ணைவிட எனக்கு இந்த எண்தான் நம்பகமாகத் தெரிகிறது.

ஜூன் 14
வீடு. பார்க்க வந்த சித்தி, அம்மா தும்முவதைப் பார்த்துப் பையிலிருந்து சளி மாத்திரையை எடுத்து நீட்டினாள். அட்டையைத் திருப்பினால் அதிலும் பாராசிட்டமால் 500 மில்லிகிராம். வேண்டாம் என்றதில் சித்திக்கு லேசான வருத்தம், பரவாயில்லை.

ஜூன் 19
முதலில் டிராமடாலை, அதாவது மார்ஃபின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரையை, குறைத்து நிறுத்தினோம், டாக்டர் எழுதிக்கொடுத்த வரிசைப்படி. பாராசிட்டமால் தொடர்கிறது. ராத்திரி வலி இன்னும் சில வாரம் இருக்கும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு வலி கூடினாலோ, புண்ணில் நீர் வடிந்தாலோ மாத்திரையைக் கூட்டிப் பார்க்காமல் நேரே வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் தையல் பிரிக்கிறார்கள். அதற்கும் முன்கூட்டியே மாத்திரை வேண்டுமா என்று இப்போது அம்மாவே கேட்கிறாள்.