முதல் வரைவு எழுதியவர்

மொழிபெயர்ப்பு நூல்களைச் செப்பனிடுவது என் வேலை. ஒருவர் மூலத்திலிருந்து முதல் வரைவு எழுதித் தருவார்; நாங்கள் சிலர் அதை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவோம். அச்சாகி வரும்போது அந்த முதல் ஆளின் பெயர் விடுபட்டுப் போவதுண்டு. அந்தப் பெயருக்காக நான் விடாமல் வாதாடுவதற்கு, பதினாறாம் நூற்றாண்டில் வேதாகமத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த வில்லியம் டிண்டேல்தான் காரணம்.

ஆங்கில வேதாகமம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பு. 47 அறிஞர்கள் ஆறு குழுக்களாகப் பிரிந்து உழைத்தார்கள். இறுதிக் கட்டத்தில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் மூலமொழிப் பிரதியையோ பிரெஞ்சு, ஸ்பானிய, இத்தாலியப் பிரதியையோ கையில் வைத்துக்கொண்டு கேட்பார்களாம். பிழை தென்பட்டால் பேசுவார்கள். இல்லையென்றால் வாசிப்பு தொடரும். அக்காலத்து ஆங்கில அறிஞர் ஜான் செல்டன் சொன்ன தகவல் இது. எங்கள் அறையிலும் கடைசி வாசிப்பு உரக்கத்தான் நடக்கும். கண்ணுக்குத் தப்பிய தடங்கல் காதில் சிக்கிவிடும்.

ஆனால் அந்த 47 பேர் வெற்றுத்தாளில் தொடங்கவில்லை. அவர்களுடைய புதிய ஏற்பாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் டிண்டேலின் சொற்களே என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

டிண்டேலுக்குக் குழு கிடையாது. ஆயரின் அனுமதியில்லாமல் வேதத்தை ஆங்கிலத்தில் பெயர்ப்பதற்கு 1409 முதலே இங்கிலாந்தில் தடை. லண்டன் ஆயர் கைகொடுக்க மறுத்ததால் 1524இல் ஜெர்மனிக்குப் போனார். கொலோனில் அச்சுவேலை பாதியில் தடைபட, வோர்ம்ஸ் நகரில் 1526இல் புதிய ஏற்பாட்டை முழுமையாக அச்சிட்டார். கிரேக்க மூலத்திலிருந்து ஆங்கிலத்தில் அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு அது. பிரதிகள் இங்கிலாந்துக்குள் ரகசியமாகப் போய்ச் சேர்ந்தன. ஆயர் அவற்றைத் தேடிப்பிடித்து எரித்தார். 1535இல் ஆன்ட்வெர்ப்பில் டிண்டேல் காட்டிக்கொடுக்கப்பட்டார். சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் குளிருக்கு ஒரு தொப்பியும் இரவுக்கு ஒரு விளக்கும் கேட்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்பது எபிரேய வேதாகமம், இலக்கணம், அகராதி. சாவு நெருங்கியபோதும் வேலையை விடாத அந்த மனத்தை எண்ணும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது. 1536இல் கழுத்தை நெரித்துக் கொன்று உடலை எரித்தார்கள்.

அவர் விட்டுச்சென்ற மொழிபெயர்ப்பை, இன்னொரு மொழிபெயர்ப்பாளரான கவர்டேலின் பகுதிகளோடு சேர்த்து, 1537இல் முழு வேதாகமமாகக் கொண்டுவந்தவர் ஜான் ரோஜர்ஸ். டிண்டேல் பெயரைப் போட்டால் அரசின் அனுமதி கிடைக்காது. தலைப்புப் பக்கத்தில் தாமஸ் மேத்யூ என்ற புனைபெயர்தான் இருந்தது. ஆனாலும் பழைய ஏற்பாடு முடியும் இடத்தில் வி.டி. என்ற முதலெழுத்துகளைப் பெரிய அலங்கார வடிவில் அச்சிடச் செய்தார் ரோஜர்ஸ். என் தொழிலில் நான் முன்மாதிரியாகக் கொள்ளும் பதிப்பாசிரியர் இவர்தான். 1555இல், மேரி அரசியின் ஆட்சியில், இவரையும் எரித்தார்கள்.