தண்ணி ப்ரிசம்: ஒருவழியா 1.330 வந்துடுச்சு

மூணு வாரமா 1.337-லயே அடம்புடிச்சு நின்ன தண்ணியோட ஒளிவிலகல் எண் (வெற்றிடத்தைவிட தண்ணில ஒளி எத்தனை மடங்கு மெதுவா போகுதுங்கிற எண்), நேத்து ராத்திரி 1.330-க்கு இறங்கிடுச்சு! தூக்கமே வரல, அதான் உடனே எழுதுறேன்.

செட்டப் பழசுதான். மைக்ராஸ்கோப் ஸ்லைடு மூணை முக்கோணமா நிறுத்தி சிலிக்கான் சீலன்ட்ல ஒட்டுன ப்ரிசம், ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்குன 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், 3 மீட்டர் தள்ளி சுவர். சிறும திசைமாற்றத்துல, அதாவது ப்ரிசத்தைத் திருப்பித் திருப்பி கதிர் ரொம்பக் கம்மியா வளையுற நிலைல, லேசர் புள்ளி நேர்கோட்டுல இருந்து 133 செ.மீ. தள்ளி நிக்குது, அதாவது 23.9 டிகிரி. ப்ரிசம் கோணம் 60-னு போட்டா 1.337.

புக்குல இருக்கிற 1.333 சோடியம் விளக்கோட மஞ்சள் ஒளிக்கு, அதுவும் 20 டிகிரி தண்ணிக்கு. சிவப்பு ஒளிக்கும், என் ரூம்ல இருக்கிற 30 டிகிரி தண்ணிக்கும் அதவிட கம்மியாத்தான் வரணும், எனக்கு ஏறிப்போய் நிக்குது. டேப்பை மாத்தினேன், சுவர் செங்குத்தான்னு பார்த்தேன், பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் கூட ஊத்திப் பார்த்தாச்சு. ஸ்லைடு கண்ணாடி மேலயும் சந்தேகம் வந்துச்சு, ஆனா ரெண்டு பக்கமும் இணையா இருக்கிறதால அது கதிரை கொஞ்சம் நகர்த்துமே தவிர திருப்பாது.

தப்பு அந்த 60-லதான். மூணு ஸ்லைடும் ஒரே நீளம், அப்புறம் என்ன 60 தானேன்னு இருந்துட்டேன், ஆனா ஒரு மூலைல சீலன்ட் தடிச்சிருக்கு. ப்ரொட்ராக்டர் வச்சா ஒரு டிகிரி வித்தியாசம் சத்தியமா தெரியாது. அதனால காலி ப்ரிசத்தோட முனையை லேசரைப் பார்த்து வச்சேன், கதிர் ரெண்டா பிரிஞ்சு ரெண்டு முகத்துலயும் பட்டு தெறிக்கும், தெறிச்ச கதிர்களுக்கு நடுவுல உள்ள கோணம் ப்ரிசம் கோணத்துக்கு சரியா ரெண்டு மடங்கு. முனைல ஒட்டியிருந்த சீலன்ட்டை பிளேடால சுரண்டவே அரை மணி நேரம், இல்லேன்னா புள்ளி கம்பளிப்பூச்சி மாதிரி இழுத்துக்கும். சுவர் 50 செ.மீ.ல, ரெண்டு புள்ளியும் நடுவுல இருந்து சம தூரத்துல வர்ற வரைக்கும் திருப்பணும். 60-ன்னா ரெண்டுக்கும் இடைல 173 செ.மீ. இருக்கணும், எனக்கு 180! அப்போ 61 டிகிரி. அதே பழைய 23.9-ஐ வச்சு போட்டேன், 1.330. (தெறிக்கிற கதிர் ரூம் முழுக்க சுத்தும், பிள்ளைங்களை வெளிய அனுப்பிட்டுப் பண்ணுங்க.)

வெற்றிடத்துல ஒளியோட வேகம் செகண்டுக்கு 2,99,792 கி.மீ., அதை இந்த 1.330-ஆல வகுத்தா தண்ணிக்குள்ள சிவப்பு ஒளி செகண்டுக்கு சுமார் 2,25,400 கி.மீ. தண்ணில ஒளி மெதுவாத்தான் போகுதுன்னு பிரெஞ்சு விஞ்ஞானி ஃபூக்கோ 1850-ல சுழலும் கண்ணாடி வச்சுக் காட்டினார், எனக்கு ஒரு டேப்பும் சுவரும் போதுமா இருந்துச்சு.

பச்சை லேசரையும் விட்டுப் பார்த்தேன், புள்ளி 2 செ.மீ. தள்ளி விழுது, 1.334. அந்த 2 செ.மீ.க்கு அர்த்தம், தண்ணிக்குள்ள பச்சை சிவப்பைவிட செகண்டுக்கு 650 கி.மீ.க்கு மேல பின்தங்குது! இதை இன்னும் பத்து தடவையாவது அளக்கணும், ஏன்னா ஒரு செ.மீ. தப்பினாலே எண்ணுல 0.002 ஆட்டம் காணுது.

அதுக்குள்ள மெடிக்கல்ல கிளிசரின் வாங்கி வச்சுட்டேன். 1.47 வரணும், புள்ளி 2 மீட்டரைத் தாண்டிப் போகும், சுவர் பத்தாது, பீரோவை நகர்த்தணும்.