பாம்பன்ல துரு பார்த்த கதை

பாலம் பார்க்கத்தான் பாம்பன் போனேன்னு சொன்னா பொய், நான் போனது துரு பார்க்க. வீட்ல சொன்னப்ப "நம்ம மொட்டை மாடி டேங்க் ஸ்டாண்டுல இல்லாத துருவா, அதுக்கு ராமேஸ்வரம் வரைக்கும் போகணுமா"ன்னு கேட்டாங்க, நியாயமான கேள்வி தான். ஆனா பழைய ரயில் பாலம் 1914 பிப்ரவரில தொறந்தது, 1964 டிசம்பர் புயல் பாலத்தைத் தாங்குற இரும்பு உத்திரங்களை, அதாவது கர்டர்களை அடிச்சுக்கிட்டு போனப்ப கூட ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் டீம் 46 நாள்ல சரி பண்ணி ரயில் ஓட விட்டாங்க, அப்பேர்ப்பட்ட பாலத்துல 2022 டிசம்பர்ல இனிமே ரயிலே வேணாம்னு நிறுத்த வச்சது துரு தான். புயலுக்கு மடங்காததை மடக்குன ஆளை நேர்ல பார்க்க வேணாமா?

ரோட்டுப் பாலத்துல எல்லாரும் போட்டோ எடுக்குற இடத்துல நின்னு பார்த்தா ரெண்டு ரயில் பாலமும் பக்கத்து பக்கத்துல தெரிஞ்சுது. பழசுல ஆளுங்க கையால லீவர் சுத்தி ரெண்டு பக்கமும் தூக்குன அந்த ஷெர்ஸர் தூக்குப் பாலம், புதுசுல 72.5 மீட்டர் நீளத்துக்கு அப்படியே நேரா மேல போற லிஃப்ட். கூட்டம் முழுக்க புதுசு பக்கம் தான் போனைத் திருப்புது. எனக்கு என்னமோ பழசு தான் அழகு.

நான் நினைச்சுக்கிட்டு போனது கடல் தண்ணிக்குள்ள இருக்குற இரும்பு தான் முதல்ல போகும்னு. கூட வந்த மச்சான் தூத்துக்குடி பக்கம் ஃபேப்ரிகேஷன் வேலை, அவர் சிரிச்சாரு. முழுசா முங்கிக் கிடக்குற இரும்புக்கு ஆக்சிஜன் கம்மியா தான் போய்ச் சேரும் மாப்ள, மேல தெறிக்கிற இடம் இருக்கு பாரு, நனையும் காயும் நனையும் காயும், அங்க தான் அரிப்பு ஜாஸ்தின்னாரு. இரும்பு துருப்பிடிக்க தண்ணி, ஆக்சிஜன் ரெண்டுமே வேணும், ஒரு இடத்துல இரும்பு எலக்ட்ரானை விட்டுட்டு கரையும், பக்கத்துலயே இன்னொரு இடத்துல ஆக்சிஜன் அந்த எலக்ட்ரானை வாங்கிக்கும், ஒரு குட்டி பேட்டரி மாதிரி தான், உப்பு கலந்த தண்ணில கரண்ட் நல்லா பாயுறதால வேலை வேகமா நடக்குது.

மழையே பெய்யலன்னாலும் இங்க இரும்பு நனையும், அது தான் விஷயமே. ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா, எந்தப் பக்கம் காத்தடிச்சாலும் உப்போட தான் வருது. மழைக்காலத்துல அடுப்படில உப்பு ஜாடி கசகசன்னு ஆகும்ல, அதே தான் கர்டர் மேலயும் நடக்குது, ஒட்டுன உப்பு காத்துல இருக்குற ஈரத்தை இழுத்து மெல்லிசா ஒரு தண்ணிப் படலம் போட்டுடும், படலம் மெல்லிசா இருக்குறதால ஆக்சிஜன் சுலபமா உள்ள போயிடும். துருவுக்கு இதை விட வசதி வேற என்ன வேணும்.

அப்புறம் கீழ கடற்கரைக்கு இறங்குனோம். வலை வைக்கிற ஒரு தகர ஷெட்டைக் காட்டி மச்சான் மேல பாரு, இப்ப குனிஞ்சு கீழ பாருன்னாரு. தகரத்தோட மேல்பக்கம் கலர் போனாலும் முழுசா இருக்கு, அடிப்பக்கம் தான் செதில் செதிலா உதிருது! மழை மேல விழுந்து உப்பைக் கழுவிட்டுப் போயிடுது, அடில ஒட்டுற உப்பைக் கழுவ ஆளில்ல, வெயிலும் படாது, ஈரமும் சீக்கிரம் காயாது. பழைய பாலத்துக்கும் இதே கதை தான், பெயின்ட் அடிக்க ஆள் போற இடம் தப்பிக்கும், பிளேட்டைச் சேர்க்க அடிச்ச ரிவெட் ஆணித் தலைக்கு அடில, ரெண்டு பிளேட் சேர்ற சந்துல யாரு பிரஷ் விடுறது? அந்த சந்துல ஆக்சிஜன் கம்மியா இருக்கிறதாலயே அங்க இருக்குற இரும்பு கரைய ஆரம்பிக்கும், வெளில இருக்குற இரும்பு தப்பிச்சிடும். துரு இரும்பை விட ரொம்ப இடம் அடைக்கும் வேற, அதனால உள்ள உக்காந்து பிளேட்டையே நெம்பி விரிச்சிடும். புதுப் பாலத்துல ரிவெட் பக்கமே போகாம ஜாயின்ட் எல்லாம் வெல்டிங், கான்க்ரீட் உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, மேல பாலிசிலாக்ஸேன் பெயின்ட். ஸ்டெயின்லெஸ்னா துருவே பிடிக்காதுன்னு நினைச்சிடாதீங்க, அதுல இருக்குற குரோமியம் மேல ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் போட்டுக் காப்பாத்துது, உப்புல இருக்குற குளோரைடு அந்தத் தோலையும் அங்கங்க குத்திப் பார்க்கும்.

கரைல ஏத்திப் போட்டிருந்த ஒரு போட்டுல சுக்கான் பக்கத்துல சாம்பல் கலர்ல கரடு முரடா ஒரு கட்டி. அங்க வேலை பார்த்துட்டிருந்த அண்ணன்கிட்ட கேட்டேன், "ஜிங்க் தம்பி, இது கரையும், இரும்பு நிக்கும், தேஞ்சதும் வேற மாட்டணும்"னு ஒரே வரில முடிச்சிட்டாரு. வெண்கல ப்ரொப்பல்லரும் இரும்பும் ஒரே கடல் தண்ணில கிடந்தா அடி வாங்குறது இரும்பு தான், நடுவுல ஜிங்க் வந்துட்டா அது முதல்ல எலக்ட்ரானைக் குடுத்து தான் அழிஞ்சுக்கும். நான் காலேஜ்ல ஒரு செமஸ்டர் படிச்ச பாடம் இது.

சாயங்காலம் தனுஷ்கோடி. அந்த சர்ச் பவளக்கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டுனது, கூரை போயி 60 வருஷமாச்சு, சுவர் இன்னும் நிக்குது. கம்பி போட்ட கான்க்ரீட்டா இருந்தா இந்தக் காத்துல குளோரைடு உள்ள இறங்கி, கம்பி துருப்பிடிச்சு வீங்கி, கான்க்ரீட்டை உள்ளேருந்தே பிளந்திருக்கும். கடலோரத்துல வீடு கட்டுறவங்க கம்பி மேல கான்க்ரீட் கவர் எவ்ளோ கனத்துக்கு விடுறாங்கன்னு மேஸ்திரிகிட்ட கேட்டே ஆகணும், டைல்ஸ் கலர் அப்புறம் பார்க்கலாம்.

பைக்ல போறவங்களுக்கு ஒண்ணு. திரும்பி வர்றப்ப ராமநாதபுரம் தாண்டுறதுக்குள்ள வாட்டர் வாஷ் பண்ணிடுங்க, ரூம்ல பைப்புல வர்றதே சில இடத்துல உப்புத் தண்ணி, அதுல கழுவிப் பிரயோஜனம் இல்ல. மட்கார்டு உள்பக்கம், சைலன்சர் அடி, சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங், இங்கெல்லாம் அடிக்கச் சொல்லுங்க, காஞ்சதும் செயினுக்கு லூப் ஆயில் போடுங்க. மேல பாடியை நீங்க சொல்லாமலே பளபளன்னு ஆக்கிடுவாங்க.