சுவரிலிருந்து உரித்த கவலை

காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி. இந்த நாலும் இல்லாவிட்டால் மதுரையில் எங்களைப் போன்ற டிசைன் கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டுப் போக வேண்டியதுதான். அடுத்தவர் தரும் வாசகத்தை அடுத்தவர் கேட்கும் கலரில் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. "போட்டோ பெருசா வரணும், பேரும் பெருசா வரணும், தாய்மாமன் பேரு விட்டுப்போகக் கூடாது" என்பார்கள். பத்துக்கு எட்டு ஃபிளக்ஸில் இது மூன்றையும் அடக்கிவிட்டால் நல்ல டிசைனர் என்று பெயர்.

இடையிடையே பொன்மொழி வேலையும் வரும். கடை திறப்புக்கு ஃபிரேம் போட ஒரு வாசகம், பள்ளிக்கூடத்துச் சுவருக்கு ஒரு வாசகம். ரோஜாவோ சூரிய உதயமோ பின்னால் வைத்து, மேலே வெள்ளை எழுத்தில் 'பொறுமையே பெருமை' என்று அடித்துக் கொடுத்துவிடுவேன். காலை வணக்கத்தோடு வாட்ஸ்அப்பில் வரும் சரக்குதான். அந்த எழுத்துக்குப் பொறுமையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதே ஃபாண்டில் 'கழிவறை இந்தப் பக்கம்' என்றும் அடிக்கலாம்.

ஸ்டெஃபான் ஸாக்மைஸ்டர் செய்த வேலைகளைப் பார்த்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. ஆஸ்திரியாவில் பிறந்து நியூயார்க்கில் ஸ்டூடியோ வைத்திருக்கும் டிசைனர். 2000-ல் வாடிக்கையாளர் வேலையை ஓராண்டு நிறுத்திவைத்தவர், வாழ்க்கையில் தான் கற்றுக்கொண்டதை டைரியில் பட்டியலாக எழுதினார். பின்னால் அந்த வரிகளே பத்திரிகைப் பக்கங்களாகவும் விளம்பரப் பலகைகளாகவும் ஆயின. எனக்குப் பிடித்தது 2008-ல் ஆம்ஸ்டர்டாமில் செய்தது. பித்துப் பிடித்ததுபோல் ஒன்றில் விழுவது தன் வாழ்க்கையைக் கெடுக்கிறது, வேலையை மேம்படுத்துகிறது என்று ஒரு வரி. அதை இரண்டரை லட்சம் யூரோ சென்ட் காசுகளை நிறம்வாரியாகப் பிரித்து, தொண்டர்களை வைத்து ஒரு சதுக்கத்தின் தரையில் எழுதினார். காவலுக்கு ஆள் போடவில்லை. ஒரு நாள் முழுசாக ஆகவில்லை, போலீஸ் வந்து காசையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. காசு திருட்டுப் போகக் கூடாதாம்! பித்தைப் பற்றிய வரியைப் பித்துப் பிடித்த வேலையாகவே செய்ததால்தான் அது நிற்கிறது. கம்ப்யூட்டரில் காசுப் படத்தை ஒட்டி அடித்திருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, நாமும் செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். வரி என்னுடையதாக இருக்க வேண்டும், அந்த வரி சொல்வதே எழுத்துக்கும் நடக்க வேண்டும் என்பதுதான் நான் வைத்துக்கொண்ட நிபந்தனை.

முதல் வரி, அப்பாவின் ஆஸ்பத்திரிக் கடனும் வீட்டு வாடகையும் சேர்ந்து நெருக்கிய காலத்தில் எழுதி வைத்தது: 'பழைய கவலை போகவில்லை, மேலே புதுசு ஒட்டிக்கொண்டது.' இதற்குப் பொருள் தேடி அலையவே வேண்டாம். மதுரைச் சுவர்களில் போஸ்டர் மேல் போஸ்டர், மைதா பசை மேல் மைதா பசை என்று ஏறி அட்டை மாதிரி கனத்துக் கிடக்கும். மழைக்கு ஊறிப் பாளமாகச் சரிந்து விழும். அப்படி விழுந்த ஒரு பாளத்தைக் கடைக்குத் தூக்கி வந்து, மாடியில் காய வைத்து, கட்டர் பிளேடால் எழுத்தைக் குடைந்தேன். ஒரு கோடு ஆழமாகப் போனால் சினிமா போஸ்டரின் மஞ்சள், கொஞ்சம் மேலோட்டமாகப் போனால் யாரோ ஒருவரின் நினைவஞ்சலி. 'க'வின் சுழிக்குள் ஒரு மீசையில் பாதி தெரிந்தது. 'வ'வின் வயிற்றுக்குள் நிற்க வேண்டிய துண்டு பசை விட்டுப் பெயர்ந்து பெயர்ந்து வந்தது. ஊசியால் தூக்கி ஃபெவிகால் வைத்து உட்கார வைத்தேன்.

'கவலை'யில் வரும் லையை வேண்டுமென்றே, யானைத் தும்பிக்கை போல் வளைந்த அந்தப் பழைய வடிவில் போட்டேன். 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டபோது மாறிய 13 எழுத்துகளில் அதுவும் ஒன்று. இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகைக்கு வரும் தாத்தாக்கள் சிலர் கையால் அப்படித்தான் எழுதித் தருகிறார்கள். போன கவலை போகாமல் நிற்பதைச் சொல்ல, ஒழித்தும் ஒழியாத எழுத்தைவிட வேறென்ன வேண்டும்? கடைக்கு வரும் காலேஜ் பையன்கள் அந்த இடத்தில் தடுக்கி விழுந்து, பிறகு படித்தார்கள். தடுக்கட்டும்.

அப்புறம் சுங்குடி, துணியில் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிப் புள்ளி புள்ளியாக வரவைக்கும் மதுரைச் சேலை. 'பொறுத்தால் தெரியும்' என்பது வரி. சென்னை வேலையை விட்டு ஊருக்குத் திரும்பிய புதிதில், எதுவுமே நடக்காத மாதங்களில் எனக்கு நானே சொல்லிக்கொண்டது. 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை என்று பெயர், ஆனால் கடைகளில் சுங்குடி என்று தொங்குவதில் பெரும்பாலானவை இப்போது பிரிண்ட்தான். முடிச்சுப் போடத் தெரிந்த சௌராஷ்டிர அக்கா ஒருவரைத் தேடிப் போனேன். எழுத்தை டிரேசிங் பேப்பரில் புள்ளி புள்ளியாகக் குறித்துக் கொடுத்தேன். அவர் துணியை நகத்தால் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கி, அடுத்ததற்குப் போனார். துணியைப் பார்த்தால் எழுத்தே தெரியாது, வெறும் முடிச்சுக் கூட்டம். சாயத்தில் முக்கி, காய வைத்து, முடிச்சை அவிழ்த்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். அந்த வரிக்கு அதுதானே வேண்டும்.

சிக்கலைப் பிடித்தது அக்காதான். "ஏன் தம்பி, எழுத்தே புள்ளியாத்தான இருக்கு, தலைமேல வைக்கிற புள்ளிய எப்பிடிக் கண்டுபிடிப்பாங்க?" என்றார். வரியில் த், ல், ம் என்று மூன்று மெய் வருகிறது. புள்ளி கூட்டத்தோடு கரைந்துவிட்டால் 'பொறுததால தெரியும' என்றாகிவிடும். ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி வைக்கும் வழக்கம் கிடையாது. பக்கத்து மாங்குளம் மலையில் இருக்கும் தமிழி எனும் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டிலும் புள்ளி இல்லை. படிப்பவர் இடம் பார்த்துப் படித்துக்கொண்டார்கள். அதையே சாக்காக வைத்துப் புள்ளியை விட்டுவிடலாமா என்று எனக்கு ஆசை. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மூன்று இடத்தில் மட்டும் துணியைக் கூடுதலாகக் கிள்ளிப் பெரிய முடிச்சாகப் போட்டார். அவிழ்த்தபோது அவை வட்ட வளையங்களாக விழுந்திருந்தன. மொத்த வேலையிலும் நல்ல டிசைன் முடிவு அது ஒன்றுதான். எடுத்தவர் அவர்.

முதலாளி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார் என்று சொல்லலாம். "இதுக்கு எவன்ப்பா பில்லு கட்டுவான்?" என்பார். நியாயமான கேள்வி. பதில் ஒரு கருமாதிப் பத்திரிகை வடிவில் வந்தது. இறந்தவர் பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கெழுதிய பெரியவர். "கணக்க முடிச்சிட்டுத்தான் சோறு" என்பதை வீட்டில் தினமும் சொல்வாராம். மகன் கடைச் சுவரில் தொங்கிய சுங்குடித் துணியைப் பார்த்துவிட்டு, அப்பாவின் பேரேட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவர் எழுத்திலேயே பத்திரிகை அடிக்க முடியுமா என்று கேட்டார்.

பேரேட்டை ஸ்கேன் பண்ணி ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கினேன். 'ட' எல்லாம் ரூலர் வைத்ததுபோல் நேராக, 'ள' மட்டும் அவசரத்தில் வால் நீண்டு. 'அஞ்சலி' எழுத 'ஞ' கிடைக்கவில்லை. கணக்கில் ஏது அஞ்சலி? பக்கம் பக்கமாகப் புரட்டி, கடைசியில் ஈரோட்டு மஞ்சள் வரவு ஒன்றில் பிடித்தேன். தலைப்பு என்று எதையும் சேர்க்காமல், அவர் தினம் சொன்ன வரியைப் பேரேட்டின் சிவப்புக் கோட்டுக்கு மேல், தொகை எழுதும் கட்டத்தில் வைத்தேன். மகன் புரூஃபைப் பார்த்தார். முதலில் அந்த 'ஞ'வைத் தொட்டு, "இது எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். மஞ்சள் என்றேன். சிரித்துவிட்டார்.

பத்திரிகை ஊருக்குள் போன பிறகு அதே மாதிரி கேட்டு ஆட்கள் வருகிறார்கள். பால் கணக்கு நோட்டு, கோயில் வரி நோட்டு, அம்மா எழுதிய கடிதம் என்று கொண்டுவருகிறார்கள். முதலாளி ரேட் போர்டில் 'கையெழுத்து டிசைன்' என்று புதிதாக ஒரு வரி சேர்த்து, போட்டோ கட்டிங்குக்கு உள்ள அதே ரேட்டை எதிரே எழுதி வைத்திருக்கிறார். அதைக் கூட்டச் சொல்லித்தான் இப்போது சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.