போனால் தெரிந்துவிடும் என்று சொல்லாதீர்கள்

ஜூலை மாதம் பிறந்துவிட்டால், பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் குடும்பங்களைப் புதுச்சேரியில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அம்மா வீட்டுக்கு நாங்கள் வந்து இறங்கிய செய்தி பரவியதும், முன்பின் அறியாதவர்கள் எங்களைத் தேடி வரத் தொடங்குவார்கள். மகளுக்கு விசா வந்துவிட்ட தாய், மகன் வீட்டில் சில மாதங்கள் தங்கப் போகும் முதியவர், கழுத்தில் தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட மங்காத மணப்பெண் என்று யாராவது ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் வருவார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர்களும் உண்டு. எல்லோரிடமும் கேள்விகள் இருக்கும். அவற்றில் பாதியை எந்த அலுவலகத்திலும் கேட்க முடியாது.

இந்த ஊருக்கும் பிரான்சுக்கும் இடையே போக்குவரத்து இன்று நேற்று ஏற்பட்டதன்று. புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைப்பதாக 1956ஆம் ஆண்டு கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்தவர்கள் விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்ற வாய்ப்பு இருந்தது. அப்படி எழுதிக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பிய சொல்தாக்களின் வாரிசுகளும்தான் இன்று பாரிஸைச் சுற்றியுள்ள புறநகர்களில் நிறைந்திருக்கிறார்கள். என் கணவர் வீடும் ஒரு சொல்தா வீடுதான். இத்தனை தலைமுறைகளாக ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தும், புதிதாகப் போகிறவர்களுக்கு அங்கே அன்றாடம் எப்படிக் கழியும் என்பதை உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு. கேட்டால், "போனா எல்லாம் தன்னால தெரிஞ்சிடும்மா" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இந்தப் பதிலின் மேல் தீராத வருத்தம் உண்டு. போன பிறகு தெரிந்துகொள்வதற்கு ஆகும் மாதங்களில், ஒரு பெண் தன்னம்பிக்கையையே இழந்துவிட முடியும்.

காகிதங்கள் சம்பந்தமான கேள்விகளுக்கு வழி இருக்கிறது. நீண்ட நாள் விசாவில் போகிறவர் அதை மூன்று மாதத்துக்குள் இணையத்தில் பதிந்து உறுதிசெய்ய வேண்டும் என்பதை யாராவது சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டாலும் எங்கேயோ அச்சிட்டிருக்கும். வந்தவர்கள் முதலில் இவற்றைத்தான் கேட்பார்கள். கேட்டு முடித்து, காபியும் குடித்து, கிளம்புவதற்கு எழுந்து நின்ற பிறகுதான் உண்மையான கேள்வி வரும். கடலூரிலிருந்து வந்த ஓர் அம்மா வாசல்வரை போய், திரும்பி வந்து, என் காதருகே குனிந்து, "தப்பா நெனைக்காதம்மா, அங்க பாத்ரூம்ல தண்ணி ஊத்திக் குளிக்கலாமா?" என்று கேட்டார். அவருடைய மகள் அடுத்த வாரம் விமானம் ஏறப்போகிறாள். அவர் கேட்கத் தயங்கிய அந்தக் கேள்விதான் அன்று அவர் கேட்டவற்றிலேயே முக்கியமானது.

அவரை மறுபடி உட்கார வைத்து விவரமாகச் சொன்னேன். நம் வீட்டுக் குளியலறையில் தரை சரிவாக இருக்கும், மூலையில் தண்ணீர் போக வழி இருக்கும். எங்கே நின்று ஊற்றினாலும் தண்ணீர் ஓடிவிடும். அங்குள்ள அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் அப்படி இல்லை. குளியல்தொட்டிக்குள்ளோ, ஷவருக்கென்று அமைத்த தட்டுக்குள்ளோ விழும் தண்ணீர் மட்டுமே வெளியேறும். வெளியே தரையில் ஒரு வாளித் தண்ணீர் கொட்டிவிட்டால், அது ஓரத்து இடுக்குகள் வழியாக இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் கறையாகத் தெரியும். பிறகு காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதுவது, ஆள் வந்து பார்ப்பது என்று மாதக்கணக்கில் இழுக்கும். கீழ்வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். ஆகவே வாளியையும் குவளையையும் தொட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு தாராளமாக ஊற்றிக் குளிக்கலாம், அதில் தடை ஏதும் இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்தால் தொட்டி வழுக்கும், அதற்கான ரப்பர் விரிப்பு வாங்கிப் போட வேண்டும். சீயக்காய்த் தூளைக் கரைத்து வடிகட்டித் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கை குழாயை அடைத்துவிடும். கழிவறையில் தண்ணீர்க் குழாய் இராது, பல வீடுகளில் அது குளியலறையிலிருந்து தனியாகவே இருக்கும். அங்கே எப்போதும் ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொள்வதுதான் எங்கள் எல்லோர் வீட்டு வழக்கமும். வீட்டைக் கழுவிவிடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும், துடைக்கத்தான் முடியும். அந்த அம்மா ஒவ்வொன்றையும் மகளிடம் சொல்வதற்காக விரல்விட்டு எண்ணிக்கொண்டார்.

சமையலறைக் கேள்விகள் இன்னும் நுணுக்கமானவை. மிக்ஸி அங்கே ஓடுமா என்று கேட்காதவர் இல்லை. ஓடும்; மின்சாரம் அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். மூன்று முனை பிளக்தான் அங்குள்ள சுவரில் பொருந்தாது, அதற்கு ஓர் அடாப்டர் போதும். ஆனால் அடுக்குமாடி வீட்டில் விடியற்காலை ஐந்து மணிக்குச் சட்னி அரைக்கக்கூடாது. இரவு பத்திலிருந்து காலை ஏழுவரை சத்தம் எழுப்பாமல் இருப்பது அங்கே கண்டிப்பாகப் பார்க்கப்படும் ஒழுங்கு. இதைச் சொன்னதும் கேட்பவர் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் அரைப்பதும் தாளிப்பதுமாக வளர்ந்தவர்களுக்கு அது எளிதில் ஏற்றுக்கொள்ளக்கூடிய செய்தி அன்று. முதல் நாள் மாலையே அரைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள் என்று சேர்த்துச் சொல்வேன்.

குக்கரை எடுத்துப் போகலாமா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்வது பயனற்றது. போகும் வீட்டில் என்ன அடுப்பு என்று முதலில் கேட்டறிய வேண்டும். இன்டக்‌ஷன் அடுப்பாக இருந்தால் அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. கடையில் வாங்கும்போதே ஒரு சின்னக் காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பார்த்து, ஒட்டினால் மட்டும் எடுக்க வேண்டும். பெரிய மார்க்கெட்டுக்குப் போகிறவர்களிடம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் காந்தத்தையே கழற்றிக் கொடுத்து அனுப்புவேன். இரும்புத் தோசைக்கல் அந்த அடுப்பில் நன்றாகவே சூடேறும், ஆனால் அடுப்பின் மேல்பரப்பு கண்ணாடி என்பதால் நங்கென்று வைக்கக்கூடாது. 2015 முதல் பிரான்சில் எல்லா வீடுகளிலும் கூரையில் புகை உணரும் கருவி இருக்க வேண்டும் என்பது சட்டம். காய்ந்த மிளகாயைத் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டால் அது அலறாது. முதல் முறை அது அலறியபோது நெருப்பே பிடித்துவிட்டதென்று நினைத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கி ஓடிய பெண்ணை நான் அறிவேன். ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பதற்றம் அவளுக்கு நேர்ந்திருக்காது.

பெட்டியில் என்ன வைக்கலாம் என்பதற்கு ஊரில் ஆளாளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். விதி தெளிவாக இருக்கிறது. இறைச்சியும் பாலில் செய்தவையும் கூடாது. எனவே நெய்யும் பால்கோவாவும் இங்கேயே இருக்கட்டும். கறிவேப்பிலை, மாம்பழம், மல்லிகைச் சரம் போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், அதை எந்தப் பயணியும் வாங்கிப் போவதில்லை. தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. பலருக்கு வியப்பளிப்பது கருவாடு: மீன் பொருட்களை ஒருவர் 20 கிலோவரை சொந்த உபயோகத்துக்குக் கொண்டுபோகலாம். கடலோரத்து மக்களுக்கு இதைவிட இனிய செய்தி இல்லை. நன்றாகக் காய்ந்ததாக எடுத்து, இரண்டு மூன்று உறைகளுக்குள் காற்றுப் புகாமல் கட்ட வேண்டும் என்று மட்டும் வற்புறுத்துவேன். வறுக்கும்போது மாடிப்படி முழுவதும் மணக்கும் என்பதையும் மறைக்க மாட்டேன்.

இதுவரை என்னிடம் கேட்கப்பட்டவற்றுள் மிக அழகானது, குயவர்பாளையத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மாவின் கேள்வி. பேரனின் மனைவி பிரான்சுக்குப் போகிறாள். "அங்க ராத்திரி பத்து மணிக்குத்தான் பொழுது சாயுமாமே, அப்ப சாயங்கால வெளக்க எப்பம்மா ஏத்தறது?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் முதல் ஜூன் மாதத்தில் நானும் இதே குழப்பத்தில் இருந்தேன். பாரிஸில் ஜூன் மாதத்தில் ஏறக்குறைய இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. டிசம்பரிலோ மாலை ஐந்துக்கு முன்பே மறைந்து, காலையில் எட்டரைக்கு மேல்தான் உதிக்கிறது. பொழுதை நம்பினால் கோடையில் பிள்ளைகள் தூங்கிய பிறகும், குளிர்காலத்தில் அவர்கள் பள்ளியிலிருந்து வந்து மூச்சு விடுவதற்குள்ளும் விளக்கேற்ற வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் ஆண்டு முழுவதும் மாலை ஆறரை மணி என்று வைத்துக்கொண்டோம். அங்குள்ள கோயில்களிலும் மாலைப் பூசை கடிகார நேரப்படியே நடக்கிறது. கோடையில் ஜன்னல் வழியாக வெயில் முகத்தில் அடிக்கும்போதே திரியைத் தூண்டுவது முதலில் மனத்துக்கு ஒவ்வாமல் இருந்தது; பிள்ளைகள் வந்து பக்கத்தில் நின்று கைகூப்பத் தொடங்கியதும் பழகிவிட்டது. பெரியம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நேரம் முன்னப்பின்ன ஆகட்டும், விட்டுடாம இருந்தா சரி" என்றார். அவருக்கு வேண்டியிருந்தது நேரம் அன்று. அங்கே போன பெண்கள் விளக்கேற்றுவதை நிறுத்திவிடுகிறார்களா என்பதைத்தான் அவர் அறிய வந்தார். அதற்கும் என்னிடமிருந்து பதில் கிடைத்துவிட்டது.

அங்கேயும் முன்பின் அறியாதவர்கள் என்னிடம் கேட்பார்கள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெறுங்காலுடன் ஏன் நடக்கிறீர்கள், கால்விரலில் மோதிரம் எதற்கு, வாசலில் மாவால் போடும் புள்ளிகளுக்கு ஏதாவது கணக்கு உண்டா என்று லிஃப்டிலும் பள்ளி வாசலிலும் கேட்பார்கள். எங்களவர்கள் சிலர் இதை அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஏளனமாகக் கேட்பவரும் உண்டு, குரலிலேயே அது தெரிந்துவிடும். ஆனால் பெரும்பாலோர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள். எதிர்வீட்டு மூதாட்டி ஒருநாள், வெள்ளிக்கிழமைதோறும் உங்கள் கதவிடுக்கு வழியாக வரும் அந்த வாசனை என்ன என்று கேட்டார். சாம்பிராணிக் கட்டியைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். முகர்ந்து பார்த்தவர், சிறுவயதில் தன் கிராமத்துத் தேவாலயத்தில் இதே வாசனை வரும் என்றார். அதற்குப் பிறகுதான் எங்கள் இருவருக்கும் பேச்சு வளர்ந்தது. பால்கனியில் வெளியே தெரியும்படி துணி காயப்போடக்கூடாது என்ற கட்டடத்தின் விதியை எனக்குச் சொன்னதும் அவர்தான்.

நான் போன புதிதில் எனக்கும் ஒருவர் இப்படிக் கிடைத்தார். முதல் குளிர்காலத்தில் இட்லி மாவு இரண்டு நாள் ஆகியும் பொங்காமல் கிடந்தது. பாரிஸின் லா ஷப்பேல் பகுதியில், ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், உளுந்து வாங்க வந்திருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "அவனுக்குள்ள மாவை வைச்சு, லைற்றை மட்டும் போட்டு விடும் பிள்ளை, விடிய எழும்பிப் பாரும்" என்றார். அவர் 'அவன்' என்றது ஓவனை. அதற்குள் எரியும் அந்தச் சின்ன பல்பின் சூடே போதுமானதாக இருந்தது. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. இன்று நவம்பரில் புறப்படும் யாரைப் பார்த்தாலும் இந்த வழியைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

எனக்குத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்வது என்பதில் உறுதியாக இருக்கிறேன். நான் இருப்பது பாரிஸுக்கு வடக்கே. தெற்கே துலூஸ் பக்கம் போகிறவருக்கு அங்குள்ள பஸ்ஸைப் பற்றியும் குளிரைப் பற்றியும் ஊகித்துச் சொல்வதைவிட, அந்த ஊரில் இருக்கும் ஒருவரின் எண்ணை வாங்கிக் கொடுப்பதே நல்லது. வேலை கிடைக்குமா, மருமகன் நன்றாகப் பார்த்துக்கொள்வாரா என்ற கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன்.

கடலூர் அம்மாவிடமிருந்து போன வாரம் இன்னொரு கேள்வி வந்தது: மகளைத் தினமும் எந்த நேரத்தில் கூப்பிடுவது? இப்போது கோடை என்பதால் மூன்றரை மணி நேர வித்தியாசம், அவள் வேலை முடிந்து ஆறு மணிக்கு வீடு சேரும்போது நமக்கு இரவு ஒன்பதரை. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். அதிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறுவரை வித்தியாசம் நான்கரை மணி நேரம், அதே ஆறு மணி நமக்குப் பத்தரை ஆகிவிடும். எட்டரைக்கே படுத்துவிடும் அவருக்கு இரண்டுமே சரிப்படாது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு இரண்டரை மணிக்குக் கூப்பிடுங்கள், குளிர்காலத்தில் அங்கே காலை பத்து மணி, குளிரில் எங்கும் போகாமல் வீட்டில்தான் இருப்பாள் என்று சொல்லியிருக்கிறேன்.