"அடிச்சவை" என்றது போதவில்லை

"பிடித்து வைத்திருந்தபோது என்ன செய்தார்கள்?" என்று அகதித் தஞ்சத்துக்கான முதல் இன்டர்வியூவில் கேட்டார்கள். "அடிச்சவை" என்றேன். போனில் இருந்த மொழிபெயர்ப்பாளர் பேச்சில் தமிழ்நாட்டுக்காரர் போல இருந்தது. அவர் அதை அப்படியே சொன்னார், அதிகாரி தட்டெழுதினார், அடுத்த கேள்வி வந்துவிட்டது. 2017 இல், லண்டனுக்கு வந்து நாலாம் நாள். அந்த ஒரு சொல்லை நேராக்க எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

இப்போது கேஸில் நிற்கிற பொடியள் சிலர் கேட்டதால் எழுதுகிறேன். என்னுடைய ஊர், பிடித்தவர்கள் யார் என்ற விபரம் ஒன்றும் இதில் வராது. வீட்டாக்கள் இன்னும் அங்கேதான்.

பெரிய இன்டர்வியூ 2018 இல் நடந்தது, கிட்டத்தட்ட 5 மணித்தியாலம். அப்போதுதான் முதுகில் கம்பியைக் காய்ச்சி வைத்தது, சிகரெட்டால் சுட்டது, உள்ளங்காலில் அடித்தது எல்லாம் சொன்னேன். சில மாதம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. முதலில் அடித்தார்கள் என்றீர், பிறகு சூடு வைத்தார்கள் என்கிறீர், ஆகவே கதை வளர்ந்திருக்கிறது என்று ஒரு பந்தி. தழும்பு இருப்பது உண்மைதான், ஆனால் கேஸுக்காக நீரே ஆளை வைத்துச் செய்வித்திருக்கலாம் என்று இன்னொரு பந்தி. இரண்டாவதை பஸ் ஸ்டொப்பில் நின்று வாசித்தேன். மூன்று பஸ் போனது.

அப்பீலுக்கு 14 நாள்தான். லோயர் வெள்ளைக்காரி. அவவின் அலுவலகத்தில் வேலை செய்த தமிழ் அக்காதான் எனக்குச் சட்டம் படிப்பித்தவ. எனக்கு ஒரு பயம் இருந்தது. இயக்கத்தோடு கொஞ்சக்காலம் நின்றதைச் சொன்னால் பாதுகாப்பே இல்லை என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள்.

"ஒண்டையும் ஒளிக்காதேங்கோ தம்பி" என்றா அக்கா. "அகதிச் சட்டத்தில சிலரைப் பாதுகாப்பில இருந்து விலக்கிற விதி இருக்கு. ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்தின் 3ஆம் பிரிவில ஒருத்தரையும் விலக்கேலாது."

எடுத்துக் காட்டினா. ஒரே வசனம். ஒருவரையும் சித்திரவதைக்கோ, மனிதத்தன்மையற்ற அல்லது இழிவான நடத்தைக்கோ தண்டனைக்கோ ஆளாக்கக் கூடாது. மற்றப் பிரிவுகள் சிலதில் தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று வால்கள் நீளும். இதில் "ஆனால்" இல்லை. சித்திரவதை நடக்கிற இடத்துக்குத் திருப்பி அனுப்புவதும் இந்தப் பிரிவை மீறுவதுதான் என்று 1989 இல் சோரிங் வழக்கில், ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. 1996 இல் சஹால் என்ற சீக்கியரை, தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று சொல்லி இந்தியாவுக்கு அனுப்பப் பிரித்தானியா நின்றபோது, ஆள் யாராக இருந்தாலும் இந்தத் தடை தடைதான் என்றது. அன்று இரவு எனக்கு நித்திரை வந்தது.

சுவிஸில் இருக்கிற கூட்டாளி ஒருவன் "ஜெனீவாவுக்கு எழுதடா" என்று நின்றான். ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான சாசனம் 1984 இல் வந்தது. அதன் 22ஆம் பிரிவை ஏற்ற நாட்டில் இருந்தால், உள்நாட்டு வழி முடிந்த பிறகு 10 நிபுணர் இருக்கிற குழுவுக்குத் தனியாள் முறையிடலாம். சுவிஸ் ஏற்றிருக்கிறது. பிரித்தானியா சாசனத்தில் இருக்கிறது, அந்தப் பிரிவை மட்டும் ஏற்கவில்லை. அவனுக்கு உள்ள கதவு எனக்கில்லை.

லோயர் ஒழுங்கு செய்த டொக்டரிடம் இரண்டு தரம் போனேன். வயதான பெண். சித்திரவதைக் காயங்களைப் பதிவதற்கு 1999 இல் வந்த இஸ்தான்புல் நெறிமுறை என்று ஒன்று உண்டு, அதன்படிதான் செய்வேன் என்று முதலே சொன்னா. சேட்டைக் கழற்றச் சொல்லுமுன் கதவைக் காட்டி, எப்ப வேண்டுமென்றாலும் வெளியே போகலாம் என்றா. தழும்புக்குப் பக்கத்தில் சின்ன அடிமட்டம் வைத்துப் படம் எடுத்தா. மனித உருவம் கீறின தாளில் ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டா.

பிறகு கேட்ட கேள்விதான் என்னை யோசிக்க வைத்தது. "இதில் எது எது அவர்கள் செய்யாதது?"

முழங்காலில் உள்ளது பள்ளிக்கூடம் போகையில் சைக்கிளால் விழுந்தது. இடக்கை விரல் இளநி வெட்டப்போய் வந்தது. தோளில் உள்ளது பிள்ளையில் போட்ட ஊசி. மூன்றையும் எழுதிக்கொண்டா. ஒரு விஷயத்தை அவவிடம்தான் வாழ்க்கையில் முதன்முதல் சொன்னேன். அதை இங்கும் எழுதப் போவதில்லை.

றிப்போட்டில் ஒவ்வொரு தழும்புக்கும் ஒரு சொல் போடவேண்டுமாம், ஐந்து படியில். பொருந்தவில்லை. பொருந்துகிறது, ஆனால் வேறு காரணம் பல இருக்கலாம். மிகவும் பொருந்துகிறது, வேறு காரணம் சிலதே. இந்தக் காயத்தில் வழமையாகக் காண்பது. கடைசி, வேறெப்படியும் வந்திருக்க முடியாதது. என் முதுகுக்கு "மிகவும் பொருந்துகிறது" கிடைத்தது. உள்ளங்காலில் அடையாளமே இல்லை. மனம் விட்டுப்போச்சு. அக்கா சிரித்தா. "எல்லாத்துக்கும் கடைசிப் படி போட்டால்தான் தம்பி பயப்பிடோணும்." அடையாளம் இல்லாததால் சித்திரவதை நடக்கவில்லை என்று ஆகாது என்பதும் அதே நெறிமுறையில் இருக்கிறதாம்.

2019 மார்ச்சில் அக்கா போன் எடுத்தா. கே.வி. என்ற எழுத்துகளால் மட்டும் தெரியவந்த இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவருக்கும் முதுகிலும் கையிலும் சூட்டுத் தழும்புகள், அவருக்கும் "நீரே செய்வித்தது" என்ற அதே பேச்சு. ஒருவர் தன்னை அப்படிச் சுடவிடுவது மிக அபூர்வம், காயம் எந்தச் சூழலில் வந்திருக்கும் என்பதிலும் டொக்டர் கருத்துச் சொல்லலாம் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. என் கடிதத்தின் இரண்டாம் பந்திக்கு மறுமொழி அதற்குள் இருந்தது. முதல் பந்திக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

விசாரணை இஸ்லிங்டன் பக்கம், டெய்லர் ஹவுஸில். மொழிபெயர்ப்பாளர் இந்தமுறை எங்கட ஊர்ப்பக்கத்து அம்மா. "அடிப்பதும் சுடுவதும் ஒன்றா?" என்று மற்றப்பக்கம் கேட்டார்கள்.

"எங்கட பாஷையில வெயிலும் அடிக்கும், மணியும் அடிக்கும், கரண்டும் அடிக்கும். உள்ளுக்குக் கொண்டுபோய் அடிச்சவை எண்டு ஒருத்தன் சொன்னால் ஊரில மேல ஒண்டும் கேட்க மாட்டினம். எல்லாம் அதுக்குள்ள இருக்கு" என்றேன்.

மொழிபெயர்த்த அம்மா பாதியில் நின்றுவிட்டா. ஆங்கிலத்தில் வெயில் அடிக்காதாமே. ஜட்ஜிடம் அனுமதி கேட்டு, தமிழ்ச் சொல்லை அப்படியே வைத்து ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினா. ஜட்ஜ் பேனையை எடுத்து நீண்டநேரம் எழுதினார்.

தீர்ப்பு ஐந்து கிழமையால் வந்தது. அப்பீல் வென்றது, 5 வருஷ விசா. பொய் சொல்ல வந்தவன் மூன்று தழும்பைத் தானே கணக்கிலிருந்து எடுத்துவிடுவானா என்ற கருத்தில் ஒரு பந்தி இருந்தது. இளநி வெட்டின விரல் தீர்ப்பில் ஏறிவிட்டது.

றிப்போட்டின் கொப்பி ஒன்று அலுமாரிக்குள் இருக்கிறது. எழுத்துப் பக்கங்களை, பிழை பார்க்கச் சொன்னபோது வரிவரியாக வாசித்தேன். படங்கள் உள்ள பக்கங்களை இன்னும் திறக்கவில்லை.