தையல் மெஷின் அக்கா

கிளிநொச்சியில் கலியாண வீடும் சாமத்திய வீடும்தான் என் கமராவுக்குச் சோறு போட்டவை. 2012 இல் தொண்டு நிறுவனம் ஒன்று தன் அறிக்கைக்குப் படம் கேட்டது. போரில் அவயவம் இழந்தவர்களை எடுக்க வேண்டும், முகத்தில் சோகம் தெரிய வேண்டும் என்றார்கள். வீதியோரத்து மிதிவெடிப் பலகைகளைத் தாண்டி, புதுக்குடியிருப்புப் பக்கம் வீடு வீடாகப் போனேன். ஆட்கள் இருக்க, நான் நின்றபடியே எடுத்தேன். மேலிருந்து எடுத்தால் ஆள் சிறுத்துப் போவார், கண் கெஞ்சும். அது தெரிந்துதான் எடுத்தேன்.

ஒரு தகரக் கொட்டிலில் தையல் மெஷினோடு அக்கா ஒருவர். விறகு பொறுக்கப் போன இடத்தில் மிதிவெடி அவரது இடது காலைக் கொண்டுபோயிருந்தது. கமராவைத் தூக்கியதும், "தம்பி, கொஞ்சம் பொறுங்கோ" என்று உள்ளே போனார். செயற்கைக் காலைப் போட்டு, நல்ல சட்டை உடுத்து வந்து மெஷினில் இருந்தார்.

"இல்லாத காலைத்தான் எல்லாரும் எடுக்கினம். நான் தைக்கிறதை ஒருத்தரும் எடுக்கேல்லை."

நிலத்தில் குந்தினேன். 50 மில்லிமீற்றர் லென்ஸ், கதவால் வந்த காலை வெளிச்சம். அவர் என்னைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்தார். நான் எடுத்ததில் எனக்குப் பிடித்த படம் இன்றும் அதுதான். நிறுவனம் அதை வேண்டாம் என்றது. பாதிப்புத் தெரியவில்லையாம்.

2011 இல் ஆப்கானிஸ்தானில் குண்டுவெடிப்பில் இரண்டு கால்களையும் இடக்கையையும் இழந்த பிரித்தானியப் படப்பிடிப்பாளர் ஜைல்ஸ் டூலி, அடுத்த வருடமே கமராவோடு அங்கே திரும்பிப் போனார். அதை வாசித்தபோது அக்காதான் நினைவுக்கு வந்தார். ஆனால் 'மீண்டெழுந்தவர்' என்று ஒருவரைப் புகழ எனக்குத் தயக்கம். அப்படி எழுதிவிட்டால் அவருடைய தையல் கூலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பிறகு நாங்களே பொதுநோக்கு மண்டபம் ஒன்றில் படங்களை வைத்தோம். வாசல் படிக்குச் சீமெந்தால் சாய்தளம் போட்டோம். சக்கர நாற்காலியில் வருபவரின் கண்மட்டத்துக்குப் படங்களை இறக்கி மாட்டினோம். பார்வை இழந்தவர்களைப் பற்றி மட்டும் நான் யோசிக்கவே இல்லை. அப்படி ஒருவர் மகளின் தோளைப் பிடித்தபடி வந்தார். அக்காவின் படத்தை மகள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"மெஷின் சிங்கரோ, பிள்ளை?"

"ஓம் அப்பா."

"கால் மெஷினோ, கை மெஷினோ?"

பிள்ளை படத்துக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள்.